சீர்த்தட்டில் வந்த பிலிம் சுருள்

மகள் ஆப்பிரிக்காவுக்குப் போகிறாள் என்ற செய்தி பரவியதும் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர்கூட எந்த நாட்டுக்கு என்று கேட்கவில்லை. திருமங்கலத்தைத் தாண்டினால் கள்ளிக்குடி வருவது போலக் கடலைத் தாண்டினால் ஆப்பிரிக்கா என்று ஒரு ஊர் வரும் என்பது அவர்கள் எண்ணம். கென்யா, தான்சானியா, ஜாம்பியா, கடைசியில் கானா என்று நான் சொன்னபோது, என்னவோ நான் படித்த திமிரைக் காட்டுவதற்காக நாலு பெயரை அடுக்குகிறேன் என்பது போலப் பார்த்தார்கள். நான் அப்போது திருமங்கலத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பழங்காநத்தத்தில் வீடு. தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருவேன். எண்பதுகளின் தொடக்கம் அது.

முதலில் வந்தவர் என் நாத்தனார், கணவரின் அக்கா. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற குடும்பம். ஒரு கவுளி வெற்றிலையைக் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"ஏத்தா, அங்க மனுசன மனுசன் சுட்டுத் திங்கிறானாமே?"

"அப்படியெல்லாம் இல்ல மதினி. மக்காச்சோள மாவுல களி கிண்டித் திங்கிறாங்களாம். இவதான் விசாரிச்சு வச்சிருக்கா."

"களியா? களி திங்கவா பிளேன் ஏறிப் போறா? அத நம்ம கொடிக்கால்லயே கிண்டிக் குடுத்திருப்பேனே." பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க உள்ள வெயிலுக்குக் கறுத்துப்போவா. அப்புறம் எவன் கட்டுவான்?" என்றார். சோழவந்தான் வெயிலில் ஐம்பது வருஷம் காய்ந்த முகம் அதைச் சொன்னது. என் கணவர் வழக்கம் போலச் செய்தித்தாளை விரித்து அதற்குப் பின்னால் போய்விட்டார். வீட்டில் எது நடந்தாலும் அவருக்கு அதைவிட முக்கியமான செய்தி ஒன்று நாலாம் பக்கத்தில் இருக்கும்.

ஆப்பிரிக்கா ஒரு பக்கம் என்றால் சினிமா இன்னொரு பக்கம். மகள் சென்னையில் படத்தொகுப்புப் படித்தவள். எடுத்த படத்தை எங்கே வெட்டி எதனோடு ஒட்டுவது என்கிற வேலை. ஒரு வெளிநாட்டு அமைப்பு அந்த நாலு நாட்டிலும் உள்ள கல்லூரி மாணவர்களுக்குச் சின்னச் சின்னப் படங்கள் எடுக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடியது. இவள் விண்ணப்பித்தாள், கிடைத்துவிட்டது. மதுரையில் இதைப் புரியவைப்பது எளிதாக இருக்கும் என்று யாராவது நினைத்தால் அவருக்கு இந்த ஊர் தெரியாது. கட் அவுட்டுக்கு மாலை போட ஏணியில் ஏறிக் கீழே விழுந்து கால் ஒடிந்தவன் இருக்கிற ஊர் இது. முதல் நாள் முதல் காட்சிக்குத் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டிவிட்டு உள்ளே போகிற ஊர். ஆனால் சினிமா எடுக்கிற வேலைக்கு வீட்டிலிருந்து ஒரு பெண் போகிறாள் என்றால் முகத்தைச் சுளிக்கும். எதிர் வீட்டுக்காரர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "டீச்சர், டான்ஸ் சொல்லிக்கொடுக்கவா, இல்ல ஃபைட்டா?" அவர் ஒரு பட்டதாரி. அதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

இவர்களை நான் இவ்வளவு கேவலமாக எழுதுகிறேனே, நான் மட்டும் மகளை அனுப்பத் துடித்துக்கொண்டிருந்தேனா என்றால், கிடையாது. அவள் போகக்கூடாது என்றுதான் எனக்கும் இருந்தது. அவர்கள் சிங்கம் என்றார்கள், நான் மலேரியா என்றேன். அவர்கள் நரமாமிசம் என்றார்கள், நான் ராணுவப் புரட்சி என்றேன். வானொலியில் ஆப்பிரிக்கா என்ற சொல் வந்தாலே அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைக் கொடுப்பேன். ஆனால் என்னால் வாய் திறந்து போகாதே என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் நான் நாத்தனாரோடும் எதிர் வீட்டுக்காரரோடும் ஒரே பெஞ்சில் போய் உட்கார வேண்டியிருக்கும். அந்த அவமானத்துக்குப் பயந்தே பல நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மகள் இதில் எதையும் காதில் வாங்காமல் பாடம் தயாரித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். அங்கே நான் காயவைத்த கூழ் வத்தல் வேட்டி நிறையக் கிடக்கும். அந்த வத்தலைப் பார்த்துத்தான் பாடம் நடத்துவாள். கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் தமிழ், தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து. நான் கீழே முற்றத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவேன். சத்தம் அப்படியே கீழே இறங்கி வரும்.

அங்கே எல்லாக் கல்லூரியிலும் புரொஜெக்டர் இருக்காது, பிலிமும் வீணடிக்கக் கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். தியேட்டர்களில் ஓடித் தேய்ந்துபோன ஒரு பழைய படத்திலிருந்து ஒரு சுருளை எடுத்துக்கொள்வது. அதில் ஒரு முழுக் காட்சி இருக்க வேண்டும். ஷாட் ஷாட்டாக வெட்டிக் கலைத்து மாணவர்கள் முன்னால் கொட்டிவிடுவது. அவர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, எதற்குப் பின் எது வரவேண்டும் என்று அடுக்கட்டும். ஒருவன் ஒரு மாதிரி அடுக்குவான், இன்னொருத்தி வேறு மாதிரி. அங்கிருந்து பாடம் ஆரம்பிக்கும்.

"அடுப்புல பால். தெரு, ஆள் இல்ல. தாழ்ப்பாள். தாழ்ப்பாள்ல ஒரு கை. இப்ப பால் பொங்குது. இதுவரைக்கும் யார் வர்றான்னு நான் காட்டவே இல்ல. ஆனா உங்களுக்குப் பதறுது, இல்லையா? ஏன் பதறுது?" என்று வத்தலிடம் கேட்பாள். வத்தல் பதில் சொல்லாது. நான் கீழே இருந்து, "பால் பொங்கினா அடுப்ப அணைக்கணும்டி, கேள்வி கேட்டுட்டு நிக்கக்கூடாது" என்று கத்துவேன். அந்தப் பாடத்தின் மேல் எனக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான். நான் நியூட்டனின் விதிகளை நடத்துகிறவள். கதவுக்கும் பாலுக்கும் ஒரு பாடமா என்பது என் எண்ணம்.

அந்தச் சுருளை வாங்கிக் கொடுத்தது என் தம்பி. அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் ஒரு நடிகரின் ரசிகர் மன்றத்தில் பெரிய ஆள். வயது நாற்பதைத் தாண்டியும் அந்த நடிகரைத் 'தலைவர்' என்று சொல்லும்போது வேட்டியை ஒரு முறை இறக்கி விட்டுக்கொள்வான். தியேட்டர் ஆபரேட்டர்கள் எல்லாரும் அவனுக்குப் பழக்கம். மகள் சினிமா படிக்கப் போகிறேன் என்றபோது குடும்பத்தில் ஆதரித்தது அவன் ஒருத்தன்தான். லீவுக்கு வரும்போதெல்லாம் அவள் அவன் வீட்டில்தான் கிடப்பாள். படித்ததையெல்லாம் அவனிடம் ஒப்பிப்பாள். அவனும் தலையை ஆட்டிக் கேட்பான். அந்தத் தலையாட்டலை நான் அன்றே நம்பவில்லை. எங்கள் அப்பா கணக்குச் சொல்லிக்கொடுத்தபோதும் அவன் அப்படித்தான் ஆட்டினான்.

சுருள் கிடைத்தது. தலைவர் நடித்த படம்தான். ஜெயிலிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவனின் காட்சி, முழுதாக. அவள் துள்ளிக் குதித்தாள். ஆனால் பல இடங்களில் கிழிந்து, எண்ணெயும் தூசியுமாக இருந்தது. அதை வைத்தே சில வாரம் மாடியில் பாடம் நடந்த பிறகு, அவளுக்குத் தடுப்பூசி போடவும் விசா வேலைக்கும் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. சுருளை மாமாவிடம் கொடுத்து, "மாமா, ஆபரேட்டர் அண்ணன்ட்டச் சொல்லி கிழிஞ்சத ஒட்டி, சுத்தம் பண்ணி மட்டும் வாங்கி வைங்க" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினாள்.

அவள் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. யார் வீட்டு விசேஷம் என்று எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டு விசேஷம். முன்னால் என் தம்பி, சலவை வேட்டியில். பின்னால் மன்றத்து ஆட்கள் ஆளுக்கொரு தட்டோடு. தேங்காய், பழம், மஞ்சள், குங்குமம், கற்கண்டு, ஒரு பட்டுச்சேலை. நடுத்தட்டில் மல்லிகைப்பூ சுற்றி, சந்தனம் குங்குமம் இட்ட வட்டத் தகர டப்பா. அதற்குள் பிலிம் சுருள்.

எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் கொண்டுவருவது காதுகுத்துக்கு, சடங்குக்கு, கல்யாணத்துக்கு. வெளிநாட்டுக்கு வாத்தியார் வேலைக்குப் போகிறவளுக்குச் சீர் என்று நான் கேள்விப்பட்டதில்லை. தெருவே வாசலில் நின்றது.

"என்னடா கூத்து இது?" என்றேன்.

"சும்மா இரு அக்கா. தாய்மாமன் நான் உசுரோட இருக்கேன்ல? எம் பிள்ளைய வெறுங்கையோடயா அனுப்புவேன்?" என்றவன் மகளைப் பார்த்து, "பாப்பா, கிழக்கப் பாத்து நின்னு வாங்கிக்க" என்றான்.

அவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். அவளுக்கு அது பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. மன்றத்து ஆள் ஒருவன் தம்பியிடம், "மாப்ள, சும்மா குடுத்தா எப்பிடி? தொறந்து காட்டச் சொல்லு மாப்ள" என்றான். அவள் பாடத்துக்காக ஆசாரியிடம் ஒரு மரப்பெட்டி செய்து வைத்திருந்தாள். உள்ளே பல்பு, மேலே பால் கண்ணாடி. பல்பைப் போட்டு, சுருளை அவிழ்த்துக் கண்ணாடி மேல் ஓட்டினாள்.

முதலில் தலைவர் முகம். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்தும் தலைவர் முகம். பிறகு தாடி வைத்த தலைவர். பிறகு கறுப்பு வெள்ளையில் இளவயதுத் தலைவர். சிவப்புக் கைக்குட்டை கட்டிய தலைவர். போலீஸ் தலைவர். குதிரை மேல் தலைவர். அவள் கை வேகமாக இழுக்க ஆரம்பித்தது.

"மாமா, கதவு எங்க?"

"எந்தக் கதவு?"

"கதவு, மாமா. தாழ்ப்பாள். பால் பொங்குறது. தெரு."

"அதெல்லாம் எடுத்தாச்சு பாப்பா. நீதான சொன்ன, சுத்தம் பண்ணி வைங்கன்னு. ஆபரேட்டரும் நானும் ஒக்காந்து தலைவர் இல்லாத எடம் அம்புட்டையும் வெட்டி எடுத்துட்டோம். அம்புட்டுத் தூரத்துல இருக்கவன் வெறுங்கதவப் பாக்கவா காத்துக்கெடக்கான்?"

மன்றத்து ஆள் பெருமையோடு சேர்ந்துகொண்டான். "எடவெளிய ரொப்புறதுக்கு மத்த படத்துல இருந்தும் போட்டிருக்கோம் பாப்பா. எல்லா கெட்டப்பும் இருக்கு. அங்க உள்ள பயக பாத்தாய்ங்கன்னா மறுநாளே மன்றம் தொறந்துருவாய்ங்க."

நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பல்பை அணைத்தாள். சுருளை ஒழுங்காகச் சுற்றி டப்பாவில் வைத்தாள். "ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்றாள். எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். பதினைந்து பேர் குடித்த டம்ளர்களையும் அவளே கழுவிக் கவிழ்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "நான் போகலைம்மா" என்றாள்.

"எங்க?"

"எங்கயும் போகலை. எழுதிப் போட்டுர்றேன்."

"வேற ஒரு சுருள் கெடைக்காதா?"

"சுருள் இல்லம்மா விஷயம்." அவள் குரல் உயரவே இல்லை. "மாமா எத்தனை வருசமாப் படம் பாக்குறாரு. நான் படிச்சது பூராவும் அவர்ட்டத்தான சொன்னேன். எங்க வெட்டணும், ஏன் வெட்டணும்னு, ஒண்ணு விடாம. என் மேல உசுரா இருக்கிற மனுசனுக்கே என்னால புரியவைக்க முடியல. யாருன்னே தெரியாத பிள்ளைங்களுக்குப் போய் நான் என்னத்தைச் சொல்லிக்குடுப்பேன்? நான்லாம் டீச்சரா? எனக்கே சிரிப்பா இருக்கு."

அவள் சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. மற்றவர்களைப் பற்றிப் பேசும்போது நான் சிரிப்பது. அதை அவள் தன்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் வேண்டிக்கொண்டிருந்தது நடந்துவிட்டது. அவள் போகவில்லை. மலேரியா இல்லை, ராணுவம் இல்லை. நான் போய்ச் சாமி விளக்கை ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லை. இருபத்துநாலு வயதில் ஒரு பெண் அவ்வளவு அமைதியாகத் தன்னை ஒன்றுமில்லை என்று சொல்லி முடிப்பதை அன்றுதான் பார்த்தேன். இதை எழுதும்போதும் அந்தக் குரல் என்னை உலுக்குகிறது.

நாத்தனார் முதல்நாளே வந்து வீட்டில்தான் இருந்தார். அடுத்த அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்தார்.

"போகலைன்டாளாக்கும்? நல்லதாப் போச்சு. பெத்தவ மனசு குளுந்துருச்சு, பாரு. நாங்கூடச் சொல்லணும்னு இருந்தேன், எங்கூர்ல ஒரு பையன், மூணு ஏக்கர் கொடிக்கா..."

"மதினி, வெத்தலையப் போட்டுட்டு வாய மூடிட்டு இருங்க" என்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. செய்தித்தாள் ஒரு அங்குலம் கீழே இறங்கி, மறுபடி மேலே போனது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தேன். அடுத்த தெருதான். அவன் சீர் கொடுத்த களைப்பில் பனியனோடு படுத்திருந்தான்.

"மிச்சம் எங்கடா?"

"என்ன மிச்சம்?"

"வெட்டுனேல்ல? கதவு, பால், தெரு. அதெல்லாம் எங்க?"

"கோரிப்பாளையத்துல பாய் கடைல குடுத்துட்டேன்க்கா. பிலிம் துண்டு விக்கிறாருல்ல, அவருதான். அந்தக் குப்பையக் குடுத்துட்டுத்தான் தலைவர் துண்டா மாத்துனேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுசன். கதவ வாங்கிக்கிட்டு குதிரையக் குடுத்தாரு."

"சட்டையப் போடு."

பஸ் ஏறினோம். வைகைப் பாலத்தில் ஏறும்போதுதான், "தப்புப் பண்ணிட்டேனாக்கா?" என்றான்.

"தப்புப் பண்றதுக்கும் கொஞ்சம் மூளை வேணும்டா. நீ மேளம் வச்சுல்ல பண்ணிருக்க" என்றேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவன் வெளியே மணலைப் பார்க்க ஆரம்பித்தான்.

கடை தர்காவுக்குப் போகிற வழியில் ஒரு பெட்டிக்கடை. கோலிக்குண்டு, பம்பரம், பலூன், அட்டையில் ஒட்டிய லென்ஸ். கயிற்றில் கொத்துக்கொத்தாகப் பிலிம் துண்டுகள் தொங்கின. அந்தத் துண்டை லென்ஸுக்குப் பின்னால் வைத்து வெயிலைக் கண்ணாடியில் திருப்பி அடித்தால் சுவரில் படம் தெரியும். மதுரையில் பள்ளிப் பிள்ளைகள் காசை அழிப்பது இதில்தான். என் மாணவிகளிடமிருந்தும் எத்தனையோ பிடுங்கிக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

பாய் தம்பியைப் பார்த்ததும், "வாங்கண்ணே, இன்னும் தலைவர் வேணுமா?" என்றார்.

"எனக்குக் கதவு வேணும்" என்றேன் நான். விஷயத்தைச் சொன்னேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அல்லாவே! இருபது வருசமா யாவாரம் பண்றேன், கதவு குடுங்கன்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான் டீச்சரம்மா. மூஞ்சி இல்லாத துண்ட எவன் வாங்குவான்? அந்தா சாக்குல கெடக்கு. பிலிம உருக்கி வளையல் செய்ற வளையக்காரன் வந்தா எடைக்கு அள்ளிக்கிட்டுப் போயிருவான். நல்லவேளை, இந்த வாரம் வரல. வேணும்னா நீங்களே பொறுக்கிக்கங்க."

சாக்கு என் இடுப்பு உயரம் இருந்தது. கவிழ்த்தால் எங்கள் காட்சி மட்டுமா விழும்? ஊரில் ஓடிய படங்களின் முகமில்லாத பகுதி முழுவதும் அதில் இருந்தது. ரயில் சக்கரம், மலை, கடல் அலை, கார் டயர், மேசை மேல் பிஸ்டல், குத்துவிளக்கு, ஏகப்பட்ட படிக்கட்டு. ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆசிரியை ஒருத்தி நடுத்தெருவில் குப்பை பொறுக்குகிறாள் என்று நாளைக்குத் திருமங்கலம் வரைக்கும் போகும். போகட்டும் என்று இருந்தது.

ஒரு துண்டைத் தூக்கி வெயிலில் பிடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் வெட்டுவதற்கு முன்னால் நான் அந்தச் சுருளை ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்கக் கூப்பிட்டபோதெல்லாம் வேலை இருக்கிறது என்று சொன்னவள். எங்கள் கதவு எது, யார் வீட்டுக் கதவு எது? ஆனால் கை தானாக ஒதுக்க ஆரம்பித்தது. பித்தளைக் குமிழ் வைத்த கதவு, இல்லை, அது பணக்கார வீடு. தாழ்ப்பாள் துருப்பிடித்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கையில் கண்ணாடி வளையல், அதில் ஒன்று உடைந்தது. தெருவில் ஒரு சைக்கிள் சாய்ந்திருக்கும், ஆள் இருக்காது. பால் பாத்திரம் ஈயப் பூச்சுப் போனது. ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. மொட்டைமாடியில் கூழ் வத்தலுக்கு அவள் சொன்னதையெல்லாம் நான் தாள் திருத்திக்கொண்டே மனப்பாடம் செய்திருக்கிறேன். என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிஷம் நான் கத்திச் சொல்வது எத்தனை பிள்ளைக்கு இப்படி நிற்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அப்போதைக்குத் தள்ளிவைத்தேன்.

தம்பியும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் எடுத்துக் கொடுத்ததைத் தோள்துண்டை விரித்து அதில் பரப்பினான். "அக்கா, இது பொம்பள கை. கைய வச்சு என்னத்தக்கா சொல்லிக்குடுப்பா?" என்று முனகினான். அவள் மாடியில் சொல்லிய வரிசையிலேயே ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டு வந்தேன். பால், தெரு, தாழ்ப்பாள், கை, மறுபடி பால். அவன் ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பார்த்தான். முனகல் நின்றுபோனது. பிறகு குரல் வேறு மாதிரி வந்தது.

"அக்கா, கதவத் தட்டுறது யாருக்கா?"

நான் அவனை நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் படத்தைப் பதினேழு முறை பார்த்ததாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். வெட்டியதும் அவன். குத்துக்காலிட்டபடி, வாய் பிளந்து, கையில் ஒரு தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு யார் வருகிறார்கள் என்று என்னிடம் கேட்கிறான்.

"ஒந் தலைவன்தான்டா" என்றேன்.

"அட ஆமா!" என்றான். அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பாய் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்.

எல்லாம் கிடைத்தது, ஒன்றைத் தவிர. கதவைத் திறந்ததும் அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கிற முகம். பாயிடம் கேட்டேன். "பொம்பளப் பிள்ளை மூஞ்சியா? அது வந்த அன்னைக்கே வித்துப்போச்சு டீச்சரம்மா. அதெல்லாம் சாக்குக்கு வராது" என்றார். எந்தப் பையன் பைக்குள் அது இருக்கிறதோ.

வீட்டுக்கு வந்தபோது மகள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் பாதி அடுக்கிய பெட்டி அப்படியே திறந்து கிடந்தது. நான் முந்தானையில் கட்டி வந்ததைக் கட்டிலில் அவிழ்த்துக் கொட்டினேன்.

"ஒம் மாமன் கதவத் தட்டுறது யாருன்னு கேக்குறான்" என்றேன்.

"என்ன?"

கடையில் நடந்ததைச் சொன்னேன். எனக்கு இனிக்கப் பேச வராது. அவனைத் திட்டித்தான் சொன்னேன், அந்த மடையன், அந்தக் கூமுட்டை என்று. ஆனால் ஒன்று விடாமல் சொன்னேன். எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டைக் கொடுத்தேன், எந்த இடத்தில் அவன் பேச்சு நின்றது, எந்த இடத்தில் கேட்டான் என்று. அவள் எழுந்து உட்காரவில்லை. ஒரு கையை மட்டும் நீட்டித் துண்டுகளைத் துழாவினாள். ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு இன்னொன்று.

"கடைசி ஷாட் இல்ல" என்றாள்.

"வித்துப்போச்சாம்."

"அது இல்லாம இந்தக் காட்சி நிக்காதும்மா. அவ பாக்குறதுக்குத்தான் இம்புட்டு நேரம் எல்லாம் கட்டி வச்சிருக்கு. அவ மூஞ்சி இல்லாட்டி பாதிலயே விட்ட மாதிரி. இத வச்சு ஒண்ணும் செய்ய முடியாது."

மறுபடி அந்தக் குரல். அமைதியான, முடித்துவிட்ட குரல். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்கு மண்டைக்கு ஏறியது. வெயில், சாக்கு, பாயின் சிரிப்பு, பட்டுச்சேலை, மூணு ஏக்கர் கொடிக்கால்.

"இல்லைன்னா என்னடி? அங்க கேமரா இருக்குல்ல? படிக்க வர்ற பிள்ளைங்களுக்கு மூஞ்சி இருக்குல்ல? அதுங்களையே ஒண்ணு எடுத்து ஒட்டச் சொல்லு. கதவத் தொறந்தா யாரப் பாக்குறா, எப்பிடிப் பாக்குறான்னு அதுங்களே முடிவு பண்ணட்டும். எல்லாத்தையும் நீயே ஊட்டி விடணுமா? அதுக்கெதுக்கு ஒரு டீச்சர்?"

அவள் துண்டைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு அப்போது இன்னும் விளங்கவில்லை. கோபத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அவள் மெதுவாக எழுந்து உட்கார்ந்து, கலைந்த தலையைக் கொண்டையாக முடிந்துகொண்டாள்.

"நாலு ஊர்ல நாலு மூஞ்சி வரும்" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. பிறகு, "ஏம்மா, என்னப் போகச் சொல்றியா?" என்று கேட்டாள்.

"நான் எங்கடி போகச் சொன்னேன்?" என்றேன். அவள் அதற்குள் பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து, துண்டுகளைச் சுற்றி வைக்க என்னிடம் ஒரு பழைய வேட்டி கேட்டாள்.